தோப்பு வீட்டின் ஆறு வாத்துகள்: இறகு உதிர்வும் அதற்குச் செய்த வைத்தியமும்

நீண்ட கழுத்துள்ள பெரிய வகையான கூஸ் வாத்து வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவரான என்னிடம் அடிக்கடி சொல்லும் புகார் 'இறகு கொட்டுது' என்பதுதான். பெரும்பாலும் பயப்பட ஒன்றும் இருக்காது. இங்கே எழுதப்போவதும் அப்படி முடிந்திருக்க வேண்டிய ஒன்று. ஆனால் ஆறு வாத்துகளில் ஒன்றை இழந்தோம், மற்ற ஐந்தும் இரண்டு மாதம் சிரமப்பட்டன. அந்த இழப்பில் என் பங்கும் உண்டு என்பதால் முழுவதையும் எழுதி வைக்கிறேன். வளர்த்தவர்களின் சம்மதத்துடன் எழுதுகிறேன். அவர்கள் பெயரும் ஊரும் இதில் இல்லை.

பின்னணி

பொள்ளாச்சிக்குத் தெற்கே நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு, நடுவில் ஓட்டு வீடு. அறுபதைத் தாண்டிய கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிறார்கள். நான்கு வருடங்களுக்கு முன் சந்தையில் ஆறு குஞ்சுகள் வாங்கியிருக்கிறார்கள். அலகுக்கு மேல் நெற்றியில் குமிழ் உள்ள சீன வகை. தோப்புக்குக் காவலாக இருக்கும், பாம்பு அண்டாது என்று ஐயா வாங்கினார். அம்மாவுக்கு அவை பிள்ளைகள் மாதிரி ஆகிவிட்டன. ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அவற்றைத் தவிர்த்து, இங்கே அடையாளத்தை வைத்தே குறிப்பிடுகிறேன்: பெரிய ஆண், பழுப்பு ஆண், பழுப்புப் பெட்டை, அடைப் பெட்டை, சின்னப் பெட்டை, நொண்டிப் பெட்டை.

முதல் மூன்று வருடமும் அவை பகலெல்லாம் தோப்பில் மேய்ந்தன. கூஸ் வாத்து மாட்டைப் போலத்தான், புல்தான் அதன் சாப்பாடு. காலையில் ஒரு கை அரிசி நொய், மாலையில் மீந்த சோறு, மற்றதெல்லாம் அருகும் கோரையும். குளிப்பதற்கு வாய்க்கால் இருந்தது. நோய் என்று ஒருமுறைகூட என்னைக் கூப்பிட்டதில்லை.

நான்காம் வருடம் ஏப்ரல் தொடக்கத்தில் தோப்பில் களைக்கொல்லி அடித்தார்கள். மருந்து பட்ட புல்லைத் தின்றுவிடக் கூடாது என்று ஆறையும் கொட்டகையில் அடைத்தார்கள். அந்த முடிவு சரியானது. மூன்று வாரம் என்று நினைத்தது இரண்டு மாதத்தையும் தாண்டியதுதான் சிக்கல். கோடையில் புல் திரும்ப முளைக்கவில்லை, முளைக்காத தோப்பில் விட்டு என்ன பயன் என்று அப்படியே இருந்துவிட்டது.

கொட்டகை பன்னிரண்டுக்குப் பதினைந்து அடி, சிமெண்டுத் தரை. ஒரு பக்கம் மூங்கில் தட்டி, அந்தப் பக்கம் நாட்டுக்கோழிகள். குடிக்கவும் குளிக்கவும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் தொட்டி, ஆறு அங்குல ஆழம் இருக்கும். சாப்பாடு சோறும் நொய்யும், இரண்டு நாளைக்கு ஒருமுறை கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு. கீரை, புல் என்று பச்சையாக எதுவும் இல்லை.

புகார் வந்த விதம்

மே கடைசியில் ஒரு மாலை ஐயா போனில் பேசினார். "டாக்டருங்க, நாலு நாளா இறகு கொத்துக் கொத்தா கொட்டுதுங்க. றெக்கையே மொட்டையாப் போச்சுங்க. கோழிக்கு வர்ற மாதிரி ஏதாச்சும் நோயுங்களா?" என்றார். படம் அனுப்பச் சொன்னேன். இரண்டு படங்கள் வந்தன. ஒன்றில் சிமெண்டுத் தரை முழுக்க நீண்ட வெள்ளை இறகுகள். இன்னொன்றில் ஒரு பெட்டையின் பின்கழுத்து, தோல் தெரியும் அளவுக்கு வெறுமை.

இரண்டும் ஒரே நோயின் அடையாளம் இல்லை என்று அப்போதே தோன்றியது. நேரில் பார்க்காமல் மருந்து சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். "செள் இருக்கலாம், இறகு மாற்றமாகவும் இருக்கலாம், மூணு நாள்ல வந்து பார்க்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். நான் வரும்வரை எதையும் பூச வேண்டாம் என்று சொல்லவில்லை. 'செள்' (பறவையின் ரத்தத்தை உறிஞ்சும் நுண்பூச்சி) என்ற சொல்லை மட்டும் அவர் காதில் போட்டுவிட்டேன்.

மறுநாள் பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னபடி வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்து ஆறு வாத்துக்கும் தேய்த்திருக்கிறார்கள். மொட்டையான இடத்தில் மட்டும் இல்லை, முதுகிலும் இறக்கையின் அடியிலும். அதற்கடுத்த நாளும் ஒரு தடவை. கோழிக்கும் மாட்டுக்கும் காலங்காலமாகச் செய்வதுதானே என்று நல்ல மனதோடு செய்தார்கள். சொன்னவரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நாள் இரவு மழை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் அந்தப் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று அங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். கொட்டகைக்கு மேற்கே சுவர் கிடையாது. விடியற்காலை அம்மாவே போன் செய்தார். "கண்ணு, ஒண்ணு எந்திரிக்கவே மாட்டேங்குது. சீக்கிரம் வா கண்ணு." ஏழு மணிக்குள் அங்கே இருந்தேன்.

நேரில் பார்த்தது

நொண்டிப் பெட்டை மூலையில் கழுத்தை முதுகில் சாய்த்துக் கிடந்தது. இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டி ஈரத்துணி மாதிரி உடம்போடு படிந்திருந்தன. கையை இறகுக்குள் விட்டால் உள்ளே பஞ்சு இறகும் நனைந்திருந்தது. ஆரோக்கியமான வாத்தைக் குளத்திலிருந்து எடுத்து உடனே தொட்டுப் பாருங்கள், அடியில் இருக்கும் பஞ்சு உலர்ந்து சூடாக இருக்கும். இங்கே தோல் சில்லென்று இருந்தது. ஆசனவாயில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸுக்கும் கீழே. கூஸ் வாத்துக்கு 41-ஐ ஒட்டி இருக்க வேண்டும். எடை 2.9 கிலோ. இந்த வகையில் பெட்டை நான்கு, நாலரை கிலோ இருக்கும். இடது காலின் அடியில் கரிய பொருக்குடன் வீக்கம், சிமெண்டுத் தரையில் நின்று நின்று வந்த பாதப்புண். நொண்டி என்று பெயர் வந்ததற்குக் காரணம் அதுதான். சாப்பாட்டுத் தட்டருகே ஆண்கள் இரண்டும் அதை விரட்டுமாம், கால் வலியோடு போட்டி போட முடியாமல் பல நாளாக அரை வயிறாக இருந்திருக்கிறது.

மற்ற ஐந்தும் நின்றன, ஆனால் உடம்பைச் சுருக்கிக்கொண்டு நின்றன. வழக்கமாக அந்நியர் வந்தால் கழுத்தை நீட்டிச் சீறி வரும் பெரிய ஆண் அன்று என்னைப் பார்த்து ஒரு சத்தம்கூடப் போடவில்லை. எச்சம் பச்சையாக இளகியிருந்தது. எண்ணெயை அலகால் கோதிக் கோதி விழுங்கியிருக்கின்றன.

நொண்டியை அட்டைப் பெட்டியில் உலர்ந்த துணி விரித்துச் சமையலறை ஓரத்தில் 100 வாட் பல்பின் கீழ் வைத்துவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தேன். ஒவ்வொன்றின் உடம்பிலும் எங்கே இறகு இல்லை என்று ஒரு தாளில் வாத்துப் படம் வரைந்து குறித்துக்கொண்டேன். அது பெரிய உதவியாக இருந்தது.

ஆறிலும் இறக்கையின் நீண்ட இறகுகள் இரண்டு பக்கமும் சமமாக, ஒன்றுகூட விடாமல் விழுந்திருந்தன. அந்த இடங்களில் நீல நிறத்தில், உறையோடு, பென்சில் முனை மாதிரி முளைகள். நீல நிறம் உள்ளே ஓடும் ரத்தம். இது நோய் இல்லை, வருடத்துக்கு ஒருமுறை வரும் இறகு மாற்றம். கோழி இறக்கை இறகை ஒவ்வொன்றாக விடும், அதனால் அதன் இறக்கை முழுதும் மொட்டையாவதில்லை. வாத்தினம் அப்படி இல்லை. முட்டைப் பருவம் முடிந்த பின் இறக்கையின் பெரிய இறகுகளை ஒரே வாரத்தில் மொத்தமாகக் கொட்டிவிடும். காட்டு வாத்துகள் அந்த மூன்று, நான்கு வாரமும் பறக்க முடியாமல் தண்ணீரை ஒட்டியே இருக்கும். கோழியை மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது பெரிய வியாதி போலத்தான் தெரியும்.

அப்படியென்றால் முந்தைய மூன்று வருடமும் ஏன் தெரியவில்லை? ஐயாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தோப்புல அங்கங்க கெடக்குமுங்க, காத்துல போயிரும்" என்றார். நாலு ஏக்கரில் சிதறியது இந்த வருடம் பதினைந்து அடிக் கொட்டகையில் குவிந்திருந்தது. புதிதாக வந்தது குவியல் மட்டும்தான்.

பழுப்புப் பெட்டைக்கும் சின்னப் பெட்டைக்கும் பின்கழுத்தில் இறகு இல்லை. அங்கே முளை எதுவும் இல்லை, தோலில் சிறு காய்ந்த கீறல்கள். இணையும்போது ஆண் வாத்து அலகால் பெட்டையின் பின்கழுத்தைக் கவ்விப் பிடிக்கும். நல்ல ஆழமான தண்ணீரில் பாரம் குறையும், கழுத்து அவ்வளவு அடிபடாது. ஆறு அங்குலத் தொட்டியில் அதற்கு வழியில்லை, சிமெண்டுத் தரையில்தான் எல்லாம். அதோடு நான்கு பெட்டைக்கு இரண்டு ஆண். இந்த எடை குறைந்த வகையில் நாலைந்து பெட்டைக்கு ஓர் ஆண் போதும்.

அடைப் பெட்டைக்கு மார்பில் வட்டமாக வெறுமை. அதைக் காட்டியதும் அம்மா சிரித்தார். "அது அடைக்கு உக்காந்தப்போ தானே பிச்சுக்கிட்டது கண்ணு, பொட்டியில மெத்தை போட்டாப்புல வெச்சிருந்துச்சு." அதுவே சரியான விளக்கம். அடைகாக்கும் பெட்டை மார்பின் பஞ்சைப் பிய்த்துக் கூட்டில் பரப்பும், வெறுந்தோல் முட்டையில் பட்டுச் சூடு ஏறும். அங்கே ஏற்கெனவே புது பஞ்சு முளைத்துக்கொண்டிருந்தது.

மீதம் ஒரு கேள்வி: பழுப்பு ஆணின் வாலடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகு மெலிந்து, அடிப்பகுதி அழுக்காக இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் அப்போது எதையும் தெளிவாகப் பார்க்க முடியவில்லை. கோழிப் பக்கத்தைப் பார்த்தேன். கோழிகள் அடையும் கம்பில் வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டு, இரவு டார்ச்சோடு வருவதாகச் சொன்னேன்.

அன்று எடுத்த முடிவுகள்

எண்ணெய் என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், முடிவுகள் அதிலிருந்து வந்தவை. இறகின் ஒவ்வொரு இழையிலும் நுண்ணிய கொக்கிகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தண்ணீர் புகாத பின்னல் ஆகின்றன, அதன் அடியில் பஞ்சு காற்றைப் பிடித்து வைத்துச் சூட்டைக் காக்கிறது. வாலுக்கு மேலே இருக்கும் சுரப்பியிலிருந்து வாத்து தானே எடுத்துப் பூசும் எண்ணெய் மிகக் கொஞ்சம், இறகை வளைவோடு வைத்திருக்கும் அளவுதான். நாம் கையளவு எண்ணெய் ஊற்றினால் இழைகள் ஒட்டிப்போகும், பின்னல் கலையும், தண்ணீர் நேராகத் தோல்வரை போகும். கடலில் கப்பல் எண்ணெய் கொட்டினால் பறவைகள் செத்து ஒதுங்குவதும் இதே காரணத்தால்தான். வேப்பெண்ணெய் மருந்தெண்ணெய் என்பது இறகுக்குத் தெரியாது.

அப்படியானால் உடனே கழுவ வேண்டுமா? நொண்டியை வைத்து அன்று எனக்கு இருந்த பெரிய குழப்பம் அதுதான். எண்ணெய் இருக்கும்வரை அதற்குச் சூடு நிற்காது. ஆனால் குளிர்ந்து கிடக்கும் பறவையை நாற்பது நிமிடம் பிடித்துக் கழுவினால் அதிர்ச்சியிலேயே போய்விடும். முதலில் சூடு, பிறகு நீர்ச்சத்து, நின்று கழுத்தைத் தூக்கிய பிறகே கழுவுதல் என்று முடிவு செய்தேன். வெதுவெதுப்பான எலக்ட்ரோலைட் கரைசலைக் குழாய் வழியாகச் சிறிது சிறிதாகக் கொடுத்தேன். மதியம் வெப்பம் 39-ஐத் தாண்டியது. மாலையில் மறுபடி இறங்கியது. இரவு ஒன்பது மணிக்கு அம்மாவின் மடியில் இறந்தது.

உடனே கழுவியிருந்தால் பிழைத்திருக்குமா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். பிழைத்திருக்காது என்றே நினைக்கிறேன். முதல் போனிலேயே எண்ணெய் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும்.

சம்மதம் கேட்டு உடலைத் திறந்து பார்த்தேன். நெஞ்செலும்பு கத்தி விளிம்பு போல, உள்ளே கொழுப்பு என்பதே இல்லை. நுரையீரல் சிவந்து கனத்திருந்தது. காற்றுப்பைகளில் பூஞ்சைப் படலம் இல்லை. ஈரல் வெளிறவோ வீங்கவோ இல்லை. இதயத்தின் மேல் ரத்தப்புள்ளிகள் இல்லை. வாத்துக் காலராவோ பிளேக்கோ என்று சந்தேகிக்கக் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. பட்டினி, ஈரம், குளிர் என்றுதான் குறித்தேன்.

அன்றிரவு டார்ச் வெளிச்சத்தில் கோழிக் கம்பின் துணியில் சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தன. விரலால் நசுக்கினால் ரத்தக்கறை. செள் இருந்தது உண்மைதான், ஆனால் அது கோழிகளிடமும் தட்டியோரம் படுக்கும் பழுப்பு ஆணிடமும் மட்டுமே இருந்தது. மற்ற வாத்துகள் இறகை இழந்ததற்கும் செள்ளுக்கும் தொடர்பே இல்லை.

ஆறுக்கும் ஒரே வைத்தியம் என்பது முதலில் நடந்த தவறு. அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தேன். இறகு மாற்றத்துக்கு மருந்து எதுவும் இல்லை, தீனி மட்டும். கழுத்து மொட்டைக்கு ஆணைப் பிரித்து வைப்பது. அடைப் பெட்டைக்கு ஒன்றும் தேவையில்லை. செள்ளுக்குக் கொட்டகையும் கோழிகளும் பழுப்பு ஆணும் மட்டும்.

கழுவிய நாட்கள்

ஐந்தையும் வீட்டுக்குள் தாழ்வாரத்தில் வைத்து, இரண்டு நாளில் கழுவினோம். வெந்நீர் 40 டிகிரி அளவில், பாத்திரம் கழுவும் திரவம் சிறிதளவு. முதல் தொட்டியில் நுரைத்து, இரண்டாவதில் மறுபடி, பிறகு வெறும் வெந்நீரில் அலசிக்கொண்டே இருக்க வேண்டும். சோப்பு மிச்சமிருந்தாலும் இறகு தண்ணீரைக் குடிக்கும். தெளித்த நீர் முத்து முத்தாக உருண்டு ஓடும்வரை அலசுவது என்று அளவு வைத்துக்கொண்டோம். ஒரு வாத்துக்கு முக்கால் மணி நேரம் ஆனது. தேய்க்கக் கூடாது, இறகின் போக்கிலேயே கையை ஓட்ட வேண்டும்.

பிடிப்பதில்தான் அதிக கவனம் தேவைப்பட்டது. முளை இறகு உள்ளே ரத்தக்குழாயோடு இருக்கும், முறிந்தால் ரத்தம் நிற்காமல் வரும். வாத்தின் கண்ணைப் பார்த்தாலே அதற்கு வலிப்பது தெரியும். இறக்கையைப் பற்றித் தூக்குவது ஊரில் சாதாரணம், இந்தச் சமயத்தில் அதைச் செய்யவே கூடாது. அம்மா ஒரு கையால் வயிற்றைத் தாங்கி, இன்னொரு கையால் மூடிய இறக்கைகளை உடம்போடு அணைத்து வைத்திருந்தார். "என்ன கண்ணு, ஒண்ணும் இல்ல கண்ணு" என்று பேசிக்கொண்டே இருந்தார். அப்படியும் பெரிய ஆணின் ஒரு முளை தொட்டி விளிம்பில் பட்டு முறிந்தது. சோள மாவை வைத்துப் பத்து நிமிடம் அழுத்திப் பிடித்ததும் நின்றது. நிற்காவிட்டால் அந்த முளையை வேரோடு எடுக்க வேண்டியிருந்திருக்கும்.

உலர்ந்த பின் இரண்டு நாள் ஆழத் தண்ணீர் காட்டவில்லை, தலையை முக்க மட்டும் ஒரு வாளி. மூன்றாம் நாளிலிருந்து அவையே கோத ஆரம்பித்தன. வாலுக்கு மேலுள்ள சுரப்பியில் தலையைத் தேய்த்து முதுகில் பூசுவதை அம்மா முதன்முதலாகக் கவனித்துப் பார்த்தார்.

தீனியும் கொட்டகையும்

இறகு முழுவதும் ஏறக்குறைய கெரட்டின் என்ற புரதம். கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் போதாவிட்டால் புது இறகு மெலிந்து வரும். அரிசியில் புரதம் 7 சதவீதம் அளவுதான், சோறாக வடித்தால் நீர்தான் அதிகம். இரண்டு மாதம் அதைத் தின்ற உடம்பு அதே நேரத்தில் இறக்கை முழுக்கப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

ஐயா முட்டைக்கோழித் தீவனம் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதில் முட்டை ஓட்டுக்காகச் சுண்ணாம்புச் சத்து 4 சதவீதம் வரை இருக்கும், முட்டையிடாத வாத்துக்கும் ஆணுக்கும் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கோழி வளர்ச்சித் தீவனம், புரதம் 16 சதவீதம் உள்ளது, காலையும் மாலையும் அளவாக. அதற்கு மேல் பச்சை எவ்வளவு வேண்டுமானாலும்: இளசாக நறுக்கிய கம்பு நேப்பியர், வாய்க்கால் ஓரத்து அருகு, முருங்கைக்கீரை. மாட்டுக்காகத் தண்ணீரில் வளர்த்த அசோலா என்ற மிதக்கும் சிறு செடி, அந்தத் தொட்டியிலிருந்து தினம் ஒரு கூடை. அரைவைப்பைக்கு ஒரு தட்டு ஆற்று மணல்.

கடலைப் பிண்ணாக்கு மூட்டையைத் திறந்து பார்த்தேன். சுவரோரம் ஈரம் பட்ட பக்கம் பச்சையாகப் பூத்திருந்தது. மூட்டையோடு எடுத்துவிடச் சொன்னேன். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன, வாத்துக் குஞ்சுகளும் செத்தன. பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த நஞ்சுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது, அஃப்ளடாக்சின் என்ற பெயரே அந்தப் பூஞ்சையின் பெயரிலிருந்து வந்தது. வாத்தினம் அந்த நஞ்சை மிகச் சிறிய அளவில்கூடத் தாங்காது. நம் ஊரில் பிண்ணாக்கை வெயிலில் காயவைத்து 'இப்ப சரியாயிடுச்சு' என்று போடுவார்கள். பூஞ்சை காயும், நஞ்சு அப்படியே இருக்கும்.

செள்ளுக்கு: கோழிக் கொட்டகையைக் காலி செய்து, பழைய வைக்கோலை எரித்து, விரிசல்களில் கொதிநீர் ஊற்றிச் சுண்ணாம்பு அடித்தார்கள். டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லிக் கரைசலைக் கொட்டகைச் சுவரிலும் கம்பிலும் மட்டும், பறவைகள் வெளியே இருக்கும்போது தெளித்து, பத்தாம் நாள் மறுபடி தெளித்தோம். மாட்டு உண்ணிக்கு அடிப்பதுதானே என்று வாத்தின் மேலேயே அடித்துவிடுபவர்கள் உண்டு. அது மீனுக்குக் கடும் விஷம், மருந்து பட்ட வாத்து குளத்தில் இறங்கினால் மீன் மிதக்கும். கோழிகளுக்கும் பழுப்பு ஆணுக்கும் எடை பார்த்து ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து, கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், 14 நாள் இடைவெளியில் இரண்டு தடவை. கோழி முட்டையை ஒரு மாதம் சமைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பழுப்பு ஆணுக்கு இந்த மருந்தை, அது தேறி எடை ஏறத் தொடங்கிய பிறகே கொடுத்தேன்.

சிமெண்டுத் தரையில் நான்கு அங்குலம் மணல் பரப்பி மேலே வைக்கோல் போட்டார்கள். மற்ற வாத்துகளின் பாதங்களையும் பார்த்ததில் இரண்டுக்குத் தோல் தடிக்க ஆரம்பித்திருந்தது. மேற்குப் பக்கம் தென்னந்தடுக்கு கட்டினார்கள். தொட்டிக்குப் பதிலாக, வாய்க்கால் நீர் வந்துபோகும்படி இரண்டடி ஆழத்தில் ஒரு குழி வெட்டினார்கள்.

பின் நடந்தவை

பத்தாம் நாள் போனபோது பெரிய ஆண் வாசலிலேயே என்னை மறித்தது. அன்று அந்தச் சீறலைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல முடியாது. எடை எல்லாவற்றுக்கும் ஏற ஆரம்பித்திருந்தது, எச்சம் கெட்டிப்பட்டிருந்தது.

பழுப்பு ஆணைக் கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னதை அம்மா ஏற்கவில்லை. அதற்கும் இங்கேதான் பழக்கம் என்றார். அடுத்த முட்டைப் பருவத்தில் பகலில் தோப்பின் மறுபக்கத்தில் வேலிக்கு அப்பால் அடைப் பெட்டையோடு விட்டார்கள். அது என் யோசனையைவிட நல்ல தீர்வு. வாத்து தனியாக இருந்தால் ஏங்கிப்போகும், இருந்த இடத்திலிருந்து ஒன்றை மட்டும் பிடுங்கி விற்பது அவ்வளவு எளிதில்லை. இரண்டு பெட்டைகளின் கழுத்திலும் இறகு வர அந்த வருட இறகு மாற்றம் முடிய வேண்டியிருந்தது.

மழைக்குப் பின் புல் வந்தது. ஜூன் கடைசியில் தோப்பைத் திறந்துவிட்டார்கள். ஜூலை நடுவில் இறக்கைகள் முழுமையாக வளர்ந்தன.

அப்போது இறக்கையை விரித்துப் பார்த்தபோது ஒன்றைக் கவனித்தேன். ஐந்து வாத்திலும், இரண்டு இறக்கையிலும், நீண்ட இறகுகள் எல்லாவற்றிலும் நுனியிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் தள்ளிக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு. வெளிச்சத்தில் பிடித்தால் அந்த இடத்தில் இழை நலிந்து கண்ணாடி மாதிரித் தெரிந்தது. பட்டினியோ அதிர்ச்சியோ வந்த நாட்களில் வளர்ந்த பாகம் அப்படி மெலிந்துபோகும். பெரிய இறகுகள் எல்லாம் ஒன்றாக விழுந்து ஒன்றாக முளைப்பதால் கோடும் ஒரே வரிசையில் நிற்கும். இறக்கை இறகு நாளுக்கு 5 முதல் 8 மில்லிமீட்டர் வளரும். கணக்குப் போட்டால் எண்ணெயும் மழையும் பட்ட அந்த நாட்களில்தான் வந்து நின்றது.

நான் மாற்றிக்கொண்டது

இப்போது போனில் 'இறகு கொட்டுது' என்று யார் சொன்னாலும் முதல் வார்த்தையாக "எண்ணெய், பவுடர் எதுவும் போடாதீங்க" என்கிறேன். நோயின் பெயர் எதையும் போனில் சொல்வதில்லை. பெயர் சொன்னால் வைத்தியம் தொடங்கிவிடும். உடம்பில் எந்த இடம், இரண்டு இறக்கையும் சமமா, அங்கே நீல முளை தெரிகிறதா, முட்டை எப்போது நின்றது, இரண்டு மாதமாக என்ன தின்றது என்று கேட்கிறேன். விரித்த இறக்கையின் படமும் வாலடியின் படமும் கேட்கிறேன். அன்று எனக்கு வந்த இரண்டு படத்திலும் அந்தக் கேள்விகளுக்கு விடை இல்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு பறவை அசையாமல் கிடக்கிறது, உடம்பு நனைந்திருக்கிறது, சாப்பிடவில்லை, அல்லது ஒரு பக்க இறகு மட்டும் போயிருக்கிறது என்றால் அன்றே போகிறேன். இந்த வாத்துகளுக்கு மூன்று நாள் தள்ளிப்போட்டது தவறு என்று சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அவை நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நொண்டிப் பெட்டை இருந்ததை நான் கேட்டறியவில்லை. கூட்டத்தில் பலவீனமானது எது என்று கேட்டிருந்தால் அதை மட்டுமாவது அன்றே பார்த்திருப்பேன்.

ஐயா தம் பக்கம் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். முட்டை நின்ற தேதி, முதல் பெரிய இறகு விழுந்த தேதி, முளை வந்த தேதி. களைக்கொல்லியை விட்டுவிட்டு இப்போது புல்வெட்டி வைத்துக்கொள்கிறார். முட்டை நின்றதுமே தீவனத்தைக் கூட்டிவிடுகிறார்கள்.

அடுத்த வருடம் வைகாசியில் ஐந்தும் தோப்பிலேயே இறகு கொட்டின. போன் வரவில்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். வாத்துகள் மொட்டை இறக்கையோடு குழியில் நீந்திக்கொண்டிருந்தன. அம்மா புல்லிலிருந்து பொறுக்கிய ஒரு நீண்ட இறகை ஐயாவின் நோட்டுக்குள் வைத்திருந்தார். எடுத்துக் காட்டினார். நுனியிலிருந்து நாலரை சென்டிமீட்டரில் அந்தக் கோடு இருந்தது.